காதைத் தொட்டால் அலுமினியம்

தம்பி,

ஞாயிற்றுக்கிழமை போனில் உன்னிடம் நான் சொன்ன இரண்டு வார்த்தைகளைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அதற்காகத்தான் இந்தக் கடிதம். "சும்மா இரு" என்றேன். நீ "சரிப்பா" என்று வைத்துவிட்டாய். அதன் பிறகு நான்கு நாட்களாக நீ போனை எடுக்கவில்லை. என் சொல்லை நீ இவ்வளவு சுத்தமாகக் கடைப்பிடித்தது இதுவே முதல் தடவை. வாட்ஸப்பில் எழுதினால் ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவாய். கட்டைவிரலுக்கு என்ன பதில் எழுதுவது என்று எனக்குத் தெரியாது. இன்று வியாழன். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கும் கூரியர் கடையில் நான்கு மணிக்குள் கொடுத்தால் சனிக்கிழமை உன் விடுதிக்கு வந்து சேரும் என்கிறார்கள். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு நீ உன் ஆய்வேட்டைச் சோதிக்கும் குழுவின் முன்னால் நிற்கவேண்டும். நடுவில் ஒரு ஞாயிறு இருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை நான் கெடுத்ததைச் சரிசெய்ய எனக்கு மிஞ்சியிருப்பது அந்த ஒரு நாள்தான்.

உறையை ஒட்டாமல் அனுப்புகிறேன். இதன் நகல் ஒன்று இன்னொருவருக்கும் போகிறது. அவர் யார் என்பது கீழே வரும். வழியில் யார் பிரித்துப் படித்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. இதில் எழுதியிருப்பதைப் பதினெட்டு வருடம் ஒட்டியே வைத்திருந்தேன். போதும்.

முதலில், நீ செய்ததை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பார். பென்சில் கரியை ஒற்றை ஒற்றைத் தாளாக உரித்து, அதில் ஆக்சிஜனை ஏற்றி, தண்ணீரில் கலக்கி, ரூபாய் நாணயம் அளவுள்ள ஒரு வட்டத் தட்டின்மேல் ஊற்றி வடிக்கிறாய். தண்ணீர் இறங்கியதும் தாள்மேல் தாள் படிந்து ஒரு சவ்வு கிடைக்கிறது. அதற்குக் கிராபீன் ஆக்சைடு என்று பெயர். தண்ணீரில் கரைந்த உப்புகள் அந்தத் தாள்களின் இடுக்கு வழியாகத்தான் மறுபக்கம் போகவேண்டும். கரைந்த உப்பு தனியாகப் போவதில்லை. அயனியாக உடைந்து, தன்னைச் சுற்றித் தண்ணீரைச் சேர்த்துக்கொண்டு போகிறது. மக்னீசியம் நம் ஊர் வட்டச் செயலாளர் மாதிரி, கும்பல் இல்லாமல் நகராது. சோடியம் நாலு பேரோடு சுருக்கமாகப் போய்விடும். இடுக்கு குறுகலாக இருந்தால் சோடியம் நுழையும். மக்னீசியம் வாசலிலேயே நிற்கும். சிக்கல் என்னவென்றால் சவ்வு தண்ணீரில் ஊறினால் உப்பிவிடுகிறது. மழையில் நனைந்த ரெக்கார்டு நோட்டுக் கட்டை நான் முப்பது வருடம் வெயிலில் காயப்போட்டவன். எனக்கு அது விளங்கியது. இடுக்கு அகன்றதும் யார் வேண்டுமானாலும் போகலாம் என்று ஆகிவிடும். நீ என்ன செய்தாய்? சவ்வைப் பொட்டாசியம் கரைசலில் ஊறவைத்தாய். பொட்டாசியம் இடுக்குகளில் போய் உட்கார்ந்து மேல்தாளையும் கீழ்த்தாளையும் பிடித்துக்கொண்டது. முள்ளை முள்ளால் எடுப்பது போல, உலோக அயனியைக் காவல் வைத்து இன்னொரு உலோக அயனியைத் தடுத்தாய். வாரக்கணக்கில் தண்ணீரில் கிடந்தும் உன் சவ்வு உப்பவில்லை. ஐந்து வருடத்தின் முடிவு அது. ஆய்வேட்டின் தலைப்பிலேயே பொட்டாசியம் உட்கார்ந்திருக்கிறது.

இரண்டு மாதத்துக்கு முன் நீ வந்திருந்தபோது, அம்மா அடுப்படியில் புளி கரைத்துக்கொண்டே உன்னிடம் விசாரித்தது நினைவிருக்கும். நான் கூடத்தில் பேப்பர் படிப்பதாகப் பாவனை செய்துகொண்டிருந்தேன்.

"ஏன்டா, அத்த இன்னாத்துலடா வடிகட்டுற?"

"சின்னத் தட்டும்மா. வெள்ளையா பீங்கான் மாதிரி இருக்கும். அலுமினியத்துலேர்ந்து செய்யறது."

"நீ ஊத்தற தண்ணி புளிப்பா?"

"ஆசிட் தாம்மா. புளிப்புன்னுகூட வச்சிக்கலாம்."

"அப்ப அரிக்குமேடா. அலுமினியக் குண்டான்ல புளிக்கொழம்ப ராத்திரி வச்சிட்டுக் காலைல பாரு, கொழம்புல பாதி குண்டான் கலந்திருக்கும்."

நீ சிரித்தாய். நானும் பேப்பருக்குப் பின்னால் சிரித்தேன். சாப்பிட்டு முடிக்கும்வரை சிரிப்பு உன் முகத்தில் இருந்தது. கை கழுவும்போது இல்லை. மறுநாள் காலை பஸ்ஸைப் பிடிக்க ஒரு மணி நேரம் முன்னதாகவே கிளம்பிவிட்டாய்.

போய்ச் செய்து பார்த்திருக்கிறாய். அதே கரைசல், அதே பொட்டாசியம், தட்டு மட்டும் பிளாஸ்டிக். மூன்று தடவை செய்தாய். மூன்று தடவையும் சவ்வு உப்பி, மக்னீசியம் தாராளமாகப் போய்வந்தது. பிறகு பிளாஸ்டிக் தட்டில் செய்த சவ்வில் துளி அலுமினியத்தைப் போட்டாய்; அது கெட்டியாக நின்றது. "நான் போட்ட உப்பு இல்லப்பா வேல செஞ்சது. நான் போடாத உப்பு, தட்டு அரிச்சு வந்தது" என்று ஞாயிற்றுக்கிழமை சொன்னாய். அதுவரை உன் குரல் நன்றாகவே இருந்தது. வியப்போடுகூட இருந்தது. அதற்குப் பிறகு சொன்னதில்தான் குரல் இறங்கியது. உன் ஆய்வகத்தில் உனக்கு மூன்று வருடம் இளையவளான ஒரு பெண், உன் செய்முறையை அப்படியே வைத்துக்கொண்டு, பிளாஸ்டிக் தட்டில் எட்டு மாதமாகச் சவ்வு செய்துகொண்டிருக்கிறாள். பெரிய அளவில் செய்வதற்குப் பிளாஸ்டிக்தான் தோது என்று அவளுக்குக் கொடுத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றும் பிரிந்து போகிறது. போன வாரம் உன் மேசைக்கு வந்து, "என் கைதான் சரியில்லண்ணா. உங்களுக்கு வருது, எனக்கு வரமாட்டேங்குது" என்று கண் கலங்கியிருக்கிறாள்.

"நான் பார்த்துக்கினு நின்னேம்பா. ஒண்ணும் சொல்லல" என்றாய்.

உன் பேராசிரியரிடம் முன்பே போயிருக்கிறாய். அவர் கோபப்படவில்லை, திட்டவில்லை. அலுமினியத்தை 'எதிர்காலப் பணிகள்' என்ற பகுதியில் ஒரு வரியாக வைத்துக்கொள்ளலாம் என்றிருக்கிறார். அந்தப் பகுதி எதற்கென்று எனக்கு இத்தனை நாள் விளங்காமல் இருந்தது. நிகழ்காலத்தில் சொல்லமுடியாததைத் தூக்கிப் போடுவதற்கு ஒரு பரண் வேண்டுமல்லவா. இப்போது எல்லாவற்றையும் மாற்றினால் இன்னும் ஒரு வருடம், உதவித்தொகை முடிந்துவிட்டது, அடுத்த மாதம் சேரச் சொல்லியிருக்கும் வெளிநாட்டு வேலை காத்திருக்காது. இதையெல்லாம் நீ வரிசையாகச் சொல்லிவிட்டு, "இன்னா பண்ணட்டும்பா?" என்று கேட்டாய். நான் யோசிக்கக்கூட இல்லை. "சும்மா இரு. திங்கக்கிழம முடியட்டும். அப்புறம் சொல்லிக்கலாம்" என்றேன். அவ்வளவு வேகமாக எனக்குப் பதில் வந்ததற்குக் காரணம், அந்தப் பதிலை நான் ஏற்கனவே ஒரு தடவை பயன்படுத்தியிருக்கிறேன்.

மலையடிவாரத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் நான் ஆய்வக உதவியாளனாக இருந்தது உனக்குத் தெரியும். ஆய்வகச் சாவியும் நூலகச் சாவியும் ஒரே வளையத்தில் இருந்தன. இரண்டையும் திறக்கிறவன் நான் ஒருவனே என்பதால் படிக்கிறவனும் நான் ஒருவனே என்று ஆகிப்போனது. உனக்குத் தெரியாதது, பன்னிரண்டாம் வகுப்புச் செய்முறைத் தேர்வு அன்று என் உத்தியோகம் என்ன என்பது. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பொட்டலத்தில் பொடி கொடுப்பார்கள். அது என்ன உப்பு என்று சோதித்துக் கண்டுபிடித்து எழுதவேண்டும். இது அரசாங்கத்தின் ஏற்பாடு. பள்ளியின் ஏற்பாடு வேறு. நான் வரிசைக்கு வரிசை நடந்துபோவேன். காதைத் தொட்டால் அலுமினியம். மூக்கைச் சொறிந்தால் துத்தநாகம். சட்டைப் பொத்தானைத் திருகினால் ஈயம். செம்புக்குச் சைகை வைக்கவில்லை. அது நீலமாகவே இருக்கும், கண் உள்ளவன் எழுதிக்கொள்வான். வெளியூரிலிருந்து வரும் தேர்வாளர் அந்த நேரம் ஜன்னல் வழியே கல்வராயன் மலையின் அழகை ரசித்துக்கொண்டிருப்பார். அந்த ஜன்னலுக்கு வெளியே சைக்கிள் ஸ்டாண்டு மட்டும்தான் தெரியும்.

இதைத் தப்பு என்று நான் நினைக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். மலையிலிருந்து இறங்கி இரண்டு பஸ் மாறி வருகிற பிள்ளைகளுக்கு நாலு மார்க் கூட விழுந்தால் புண்ணியம் என்று நினைத்தேன். உப்பைக் கண்டுபிடிக்கக் கற்றுக்கொடுப்பது அதைவிடப் பெரிய புண்ணியமாக இருக்கலாம் என்று தோன்றாததற்குக் காரணம், அதற்கு நேரம் பிடிக்கும். சைகைக்கு ஒரு நொடி போதும்.

நீ ஆறாவது படித்த வருடம் அது. தேர்வுக்கு முந்தின நாள் மாலை புட்டிகளை நிரப்பினேன். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு வெள்ளைப் பொடிகள். கை மாறிவிட்டது. அலுமினியம் சல்பேட் என்று சீட்டு ஒட்டிய புட்டியில் துத்தநாக சல்பேட்டைக் கொட்டி வைத்தேன். எனக்கு அது தெரியாது. மறுநாள் கடைசி வரிசையில் ஏழு பேருக்கு அந்தப் புட்டியிலிருந்துதான் பொட்டலம். தேர்வாளர் கையிலிருந்த பட்டியலில் அலுமினியம். நான் கடைசி வரிசைக்குப் போய்க் காதைத் தொட்டேன். அந்தச் சோதனைகளில் சாம்பல் சோதனை என்று ஒன்று உண்டு. உனக்குத் தெரியும், கடிதத்தைப் படிக்கும் மற்றவர்களுக்காக எழுதுகிறேன். வடிதாள் துண்டை உப்புக் கரைசலிலும் கோபால்ட் நைட்ரேட்டிலும் நனைத்து எரிக்கவேண்டும். அலுமினியம் என்றால் சாம்பல் நீலமாக வரும். துத்தநாகம் என்றால் பச்சை.

தேர்வு முடிந்து, தேர்வாளர் பிரியாணிக்குப் போன நேரத்தில், பீங்கான் கிண்ணங்களைக் கழுவ எடுத்தேன். கடைசி வரிசையில் ஏழு கிண்ணம். ஏழிலும் சாம்பல் பச்சை. கருகிய ஓரத்தோடு, ஏமாற்றமுடியாத பச்சை. விடைத்தாள்கள் மேசைமேல் கட்டாமல் கிடந்தன. புரட்டினேன். ஆறு தாளில், 'நீல நிறச் சாம்பல். அலுமினியம் உறுதி.' உறுதி என்ற சொல்லுக்குக் கீழே ஸ்கேல் வைத்து இரண்டு கோடு. எரிந்த தாள் கண்ணுக்கு முன்னால் பச்சையாகக் கிடக்க, ஆறு பேர் அதைப் பார்த்துக்கொண்டே நீலம் என்று எழுதியிருக்கிறார்கள். தம்பி, எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. ஏழாவது தாளில், 'பச்சை நிறச் சாம்பல். துத்தநாகம்.' கோடு எதுவும் இல்லை. அலமேலு என்ற பெண்ணின் தாள் அது. மலைமேல் வெள்ளிமலையைத் தாண்டி ஒரு சிற்றூரிலிருந்து வருகிறவள். எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. பட்டியல்படி அவள் எழுதியது தப்பு. உண்மையில் அந்த வரிசையில் சரியாக எழுதியவள் அவள் ஒருத்திதான். அதை அறிந்தவன் உலகத்தில் நான் ஒருவன்.

குழாயைத் திறந்தேன். நான்காவது கிண்ணத்தைக் கழுவும்போது வாசலில் நிழல் தட்டியது. அலமேலுதான்.

"சார், அது பச்சைதான சார்?"

நான் திரும்பவில்லை. கையில் கிண்ணம் இருந்தது.

"எல்லாரும் நீலம்னு எழுதிக்கீறாங்களாம் சார். நீங்க காதத் தொட்டத நானும் பார்த்தேன். ஆனா எனக்குப் பச்சையாதான் தெரிஞ்சிது. எங்கிண்ணத்தக் கொஞ்சம் பாருங்க சார்."

"தாளக் குடுத்துட்டுக் கையெழுத்துப் போட்டியா இல்லியா?"

"போட்டன் சார்."

"அப்பறம் இன்னா. கெளம்பும்மா. பஸ் போயிரும்."

அவள் போனாள். மிச்சக் கிண்ணங்களையும் கழுவிக் கவிழ்த்தேன். தேர்வாளரிடம் போய், "சார், புட்டி மாறிப்போச்சு, தப்பு என்னுது" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும் என்று பிற்பாடு பலமுறை கணக்குப் போட்டிருக்கிறேன். ஒரு நிமிடம். சொன்னால் விசாரணை வரும், சைகை விவகாரமும் வெளியே வரும், என் வேலை போகும், உனக்கு அந்த வருடப் பள்ளிக் கட்டணம் கட்ட முடியாது என்று நினைத்தேன். எல்லாம் நியாயமான காரணங்கள். நீ ஞாயிற்றுக்கிழமை சொன்ன காரணங்களைவிட ஒன்றிரண்டு கூடவே இருந்தன. இப்போதைக்குச் சும்மா இருப்போம், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன். 'அப்புறம்' என்கிற கிழமை எந்தக் காலண்டரிலும் இல்லை. பதினெட்டு வருடம் தாள் கிழித்தவன் சொல்கிறேன்.

அவளுக்கு மார்க் குறைந்தது. மற்ற ஆறு பேருக்கும் முழு மார்க். நல்ல நிறக் கூர்மை உள்ள மாணவர்கள் என்று தேர்வாளர் தலைமையாசிரியரிடம் பாராட்டிவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை நீ போனை வைத்த பிறகு என்னால் உட்கார முடியவில்லை. "இன்னா, பூனை மாதிரி சுத்திக்கினு கீற?" என்று அம்மா கேட்டாள்.  அலமேலு எங்கே இருக்கிறாள் என்று எனக்குப் பல வருடங்களாகத் தெரியும். தெரிந்துகொள்ளாமல் இருப்பதற்காக அந்தப் பக்கம் போகாமல் இருந்தேன். செவ்வாய்க்கிழமை காலை பஸ் ஏறினேன். கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறும்போது ஒவ்வொரு வளைவிலும் இறங்கித் திரும்பிவிடலாமா என்று இருந்தது. பக்கத்தில் மரவள்ளிக் கட்டோடு உட்கார்ந்திருந்தவர், "தல சுத்துதா பெரியவரே? எலுமிச்சம்பழம் மோந்து பாருங்க" என்று ஒன்றை நீட்டினார். வாங்கிக்கொண்டேன். சுற்றிய தலைக்கும் எலுமிச்சம்பழத்துக்கும் சம்பந்தம் இல்லை என்று அவருக்கு எப்படி விளக்குவது.

ஊராட்சிக்காகக் குடிநீர் சோதித்துப் பார்க்கிற பெண்களில் அவளும் ஒருத்தி. மேல்நிலைத் தொட்டிக்குக் கீழே சிமெண்டுக் கட்டையில் உட்கார்ந்திருந்தாள். முன்னால் ஒரு நீலப் பெட்டி, விரல் நீளத்தில் கண்ணாடிக் குப்பிகள், சொட்டு விடும் புட்டிகள், நிறங்கள் அச்சடித்த ஓர் அட்டை. தண்ணீரில் மருந்தைச் சொட்டினால் நிறம் மாறும். அந்த நிறத்தை அட்டையோடு ஒப்பிட்டு எழுதவேண்டும். நான் போய் நின்றதும் நிமிர்ந்து பார்த்தாள். அரை நிமிடம்தான்.

"லேப் சார் தான? காது மூக்கெல்லாம் சௌக்கியமா சார்?"

இதற்கு மேல் முன்னுரை தேவைப்படவில்லை. நின்றபடியே சொன்னேன். புட்டி மாறியது, கிண்ணங்களைக் கழுவியது, சொல்லாமல் இருந்தது, அவள் வாழ்க்கையை நான் கெடுத்தது. பஸ்ஸில் ஒத்திகை பார்த்து வைத்திருந்த வாக்கியங்கள். அவள் குப்பிக்கு மூடி போட்டுக்கொண்டே கேட்டாள்.

"அந்த மார்க்காலதான் நான் இங்க ஒக்காந்துக்கினு கீறேன்னு நெனச்சீங்களா சார்?"

"இல்லியாம்மா?"

"நான் கணக்குல ஜஸ்ட் பாஸ் சார். நீங்க கெமிஸ்ட்ரில நூத்துக்கு நூறு வாங்கிக் குடுத்திருந்தாலும் எனக்குப் பெரிய காலேஜ் கெடச்சிருக்காது. அதுக்கா இவ்ளோ தூரம் மல ஏறி வந்தீங்க?"

பதினெட்டு வருடம் நான் சுமந்த பாவத்தை ஒரு குப்பி மூடியால் தட்டிவிட்டாள். எனக்கு லேசாக இருக்கவேண்டும். ஏமாற்றமாக இருந்தது என்பதே உண்மை. மனிதன் தன் பாவத்தைக்கூடக் கொஞ்சம் பெரிதாகவே வைத்துக்கொள்ள ஆசைப்படுகிறான். நன்றாக மூச்சு விட்டுத் திரும்ப இருந்தேன். அப்போதுதான் அவள் மற்றதைச் சொன்னாள். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. அட்டையைப் பார்த்துச் சொன்னாள்.

"மார்க்கு போனாப் போவுது சார். கீழ ஒரு காலேஜ்ல கெமிஸ்ட்ரியே சேந்தேன். லேப்ல நெறம் பாக்கச் சொல்லுவாங்க. எனக்குத் தெரியும், மஞ்சள்னு. ஆனா எழுத மாட்டேன். பக்கத்துல நிக்கறவளக் கேப்பேன். ஏய், இது மஞ்சளா பாருடி. தெனம் இதே. எங்க அப்பா பயந்துபோய் கண்ணு டாக்டராண்ட கூட்டிக்கினு போனாரு. நிறக் குருடோன்னு. டாக்டர் எல்லாம் காட்டிட்டு, கண்ணு முத்து மாதிரி கீதுன்னாரு. அப்பறம் இன்னா கோளாறுன்னு அவருக்கும் தெரியல, எனக்கும் தெரியல. ஒரு வருசத்துல நின்னுட்டேன்."

"இப்ப?"

"இப்பவும் ரெண்டு வாட்டி பாக்கறேன். எங்க வூட்டுக்காரரக் கூப்ட்டுக் காட்டறேன். அவரு சிரிப்பாரு, நீதான ட்ரெயினிங் போன, என்னக் கேக்கறேம்பாரு."

"பச்சைதாம்மா" என்றேன். "அன்னைக்கு நீ பார்த்தது பச்சைதான். ஏழு கிண்ணத்துலயும் பச்சை."

அவள் கை நின்றது. அந்த ஒரு குப்பியை மட்டும் மூடாமல் அட்டைமேல் வைத்தாள்.  திட்டினால் வாங்கிக்கொள்ளலாம் என்று காத்திருந்தேன். திட்டவில்லை.

"வாசல்ல வந்து கேட்டேனே சார். ஆமாம்மான்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, மார்க்கு வாணாம்னு நானே போயிருப்பேன்."

பிறகு பெட்டியை மூடினாள். எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டு, கீழே சாலையைக் காட்டினாள்.

"கெளம்புங்க சார். பஸ் போயிரும்."

என் வார்த்தையையே பதினெட்டு வருடம் பத்திரமாக வைத்திருந்து எனக்கே கொடுத்தாள். அவள் வேண்டுமென்று சொன்னாளா, பஸ் உண்மையிலேயே வந்துகொண்டிருந்ததா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. பஸ் வந்தது. ஏறிவிட்டேன். இந்தக் கடிதத்தின் நகல் போகிற இடம் அதுதான். வாயால் சொன்னதை மறுபடி யாரும் இல்லை என்று சொல்லிவிட முடியும். அவள் பார்த்தது பச்சை என்று என் கையெழுத்தோடு அவளிடம் ஒரு தாள் இருக்கட்டும்.

இப்போது உன் ஆய்வகத்துப் பெண்ணுக்கு வருகிறேன். உன் ஆய்வேடு, உன் வேலை, உன் பேராசிரியர் எல்லாம் பெரிய விஷயங்கள். அவற்றைப் பற்றிப் பேச எனக்கு யோக்கியதை இல்லை. உண்மை சொன்னால் நல்லது நடக்கும் என்றும் நான் சொல்ல மாட்டேன். எங்கள் பள்ளிச் சுவரில் வாய்மையே வெல்லும் என்று பெரிதாக எழுதியிருந்தது. வெள்ளையடிக்க வருகிறவர்கள் அந்த எழுத்தை மட்டும் சுற்றி விட்டுவிட்டு அடிப்பார்கள். அதன் கீழே நின்றுதான் நான் முப்பது வருடம் காதைத் தொட்டேன். நீ சொன்னால் ஒரு வருடம் போகலாம். வேலையும் போகலாம். போனதைத் திருப்பித் தர என்னிடம் எதுவும் இல்லை. ஆனால் அந்தப் பெண்ணுக்குச் சவ்வு பிரிகிறது, பிரிகிறது என்று அவள் கண் சொல்கிறது, நீ எழுதிய தாள் பிரியாது என்று சொல்கிறது. எட்டு மாதமாக அவள் தாளை நம்பித் தன் கையைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருக்கிறாள். இன்னும் எத்தனை மாதத்தில் அவள் பக்கத்தில் இருப்பவளிடம் இது மஞ்சளா என்று கேட்கத் தொடங்குவாள் என்பதற்கு உன் துறையில் சூத்திரம் இருக்கிறதா, தெரியாது. எனக்குத் தெரிந்த ஒரே கணக்கு, வாசலில் வந்து நின்றவளுக்குப் பதில் சொல்ல ஒரு நிமிடம் ஆகும் என்பது. உன் குழுவுக்குத் திங்கட்கிழமை பத்து மணி. அவளுக்கு ஞாயிற்றுக்கிழமையே போதும்.

இன்னொன்றையும் சொல்லாமல் உறைக்குள் போட்டால் கடிதம் பாதிதான். அலமேலுவுக்குப் பிறகும் நான் திருந்தவில்லை. நீ பன்னிரண்டாவது எழுதியபோது, உன் பள்ளியில் ஆய்வக உதவியாளராக இருந்த என் நண்பன் தனபாலிடம் முந்தின நாளே சொல்லி வைத்தேன். தேர்வு முடிந்து நீ வீட்டுக்கு வந்து, "நானே கண்டுபிடிச்சேம்பா" என்றாய். நான் சிரித்தபடி உன் முதுகில் தட்டினேன். உனக்கு எப்படித் தெரிந்தது என்று எனக்குத் தெரியும் என்று நினைத்த சிரிப்பு அது. மறுநாள் தனபால் டீக்கடையில் என்னைப் பிடித்துக்கொண்டான். "இன்னாய்யா உம் புள்ள! தலையத் தூக்கவே மாட்டேன்றான். காதத் தொட்டுத் தொட்டு எனக்குக் காதே செவந்து பூட்ச்சு. கடைசில இருமிக்கூடப் பார்த்தேன். குனிஞ்சவன் நிமிரல" என்றான். அதை உன்னிடம் நான் சொல்லவே இல்லை. சொல்லியிருந்தால் நான் ஏற்பாடு செய்ததையும் சொல்லவேண்டியிருக்கும். ஆகவே உன்னைப் பற்றி எனக்குத் தெரிந்த நல்ல செய்தியையும் அந்த ஏற்பாட்டோடு சேர்த்துப் பன்னிரண்டு வருடம் மறைத்து வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை நீ நிமிர்ந்து என்னிடம் கேட்டாய். நான் கையைக் காதுக்குக் கொண்டுபோய்விட்டேன். பழக்கம்.

இத்துடன் சின்னப் பிளாஸ்டிக் உறையில் ஒரு வடிதாள் துண்டு இருக்கும். நேற்று என் பழைய பள்ளிக்குப் போய், இப்போது இருக்கிற உதவியாளரிடம் கேட்டு, நானே நனைத்துக் காயவைத்தது. கோபால்ட் நைட்ரேட்டும் ஓர் உப்பும் ஏறியிருக்கிறது. எந்த உப்பு என்று எழுதவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆய்வகத்தில் அந்தப் பெண்ணையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு பீங்கான் கிண்ணத்தில் எரித்துப் பார். என்ன நிறம் என்று இரண்டு பேரும் தனித்தனியாக எழுதுங்கள். எனக்குப் போன் செய்து சரியா என்று கேட்கவேண்டாம். கேட்டாலும் சொல்ல மாட்டேன்.

மணி மூன்றே கால். அம்மா எதிரே உட்கார்ந்து எழுதியதையெல்லாம் படித்துவிட்டாள். எழுத்துப் பிழை இரண்டு திருத்தினாள்.  கடைசி வரியை எழுதிவிட்டுப் பேனாவை மூடுகிறேன். என் இரண்டு கைகளும் மேசைமேல்தான் இருக்கின்றன.

அப்பா